எந்தக் கொடி, யார் கையில்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நமது சங்கப் படிப்பகத்தில் சிறு தகராறு ஒன்று நடந்தது. காரணம் சந்தாப் பாக்கியுமல்ல, தேர்தலுமல்ல. ஒரு செல்போன் விளையாட்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரை வைத்துச் செய்த விளையாட்டு அது. பெயரைச் சொல்லி அதற்கு விளம்பரம் தேடித்தர நமக்கு விருப்பமில்லை. வட மாநிலப் படையையும் எடுத்து ஆடலாம், தென் மாநிலப் படையையும் எடுத்து ஆடலாம். பீரங்கியை நகர்த்தலாம், குன்றைப் பிடிக்கலாம். சுமைத் தொழிலாளி ஒருவரின் பன்னிரண்டு வயது மகன் தென் மாநிலப் படையை எடுத்துக்கொண்டு மும்முரமாக ஆடிக்கொண்டிருந்தான். ஏன் அந்தப் பக்கத்தை எடுத்தாய் என்று கேட்டதற்கு அவன் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்ன பதில் இது: "மாமா, அவங்க கொடிதானே செவப்பு!"

சிவப்புக் கொடி என்றால் நம்மவர் கொடி. மட்டாஞ்சேரியில் வளரும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு வேறு எப்படித் தோன்றும்? ஊர்வலத்தில் அப்பன் தோளில் உட்கார்ந்து அவன் பார்த்த சிவப்பு ஒன்று. திரையில் அவன் கண்ட சிவப்போ, ஏறத்தாழ நாற்பது லட்சம் மனிதர்களை ஆடுமாடுகளைப் போல விலைபேசி விற்ற முறையைக் காப்பாற்றப் போரிட்டவர்களின் சிவப்பு.

அங்கிருந்த தோழர் ஒருவர் அந்த விளையாட்டை அப்போதே அழித்துவிடச் சொன்னார். இன்னொருவர், "இருந்ததைத்தானே காட்டிருக்கான் அண்ணாச்சி, அழிச்சுட்டா மட்டும் இல்லேன்னு ஆயிருமா?" என்று குறுக்கிட்டார். பேச்சு தடித்தது. பையன் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். ஆனால் கேள்வி படிப்பகத்திலேயே நின்றுவிட்டது. அதனால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

முதலில் அந்தக் கொடி எது என்பதைப் பார்ப்போம். அடிமை முறை பரவுவதை எதிர்த்த லிங்கன் 1860 தேர்தலில் வென்றதும், தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. பிரிந்தவை மொத்தம் பதினொன்று. 1861 மார்ச் 4 அன்று அவர்கள் ஏற்றிய முதல் கொடி இன்று எல்லாரும் காணும் கொடியன்று. சிவப்பு, வெள்ளை, சிவப்பு என மூன்று பட்டைகளும், மூலையில் நீலக் கட்டமும் நட்சத்திரங்களும் கொண்டது. தூரத்திலிருந்து பார்த்தால் வடக்கின் கொடிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அந்த ஆண்டு ஜூலை 21 அன்று மனாசஸ் போர்க்களத்தில், துப்பாக்கிப் புகைக்குள் தம் படை எது, எதிரிப் படை எது என்று தெரியாமல் தளபதிகளே திணறினார்கள். அதன் பிறகுதான் சிவப்புத் துணியில் நீலக் குறுக்குப் பட்டைகளும் வெள்ளை நட்சத்திரங்களும் வைத்துப் படைகளுக்கென்று தனிக்கொடி தைத்தார்கள். பதினொரு மாநில அரசுக்குப் பதின்மூன்று நட்சத்திரம்! பிரிந்துவராத கென்டக்கியையும் மிசௌரியையும் சேர்த்து எண்ணிக்கொண்டார்கள். கொடியிலேயே கணக்குப் பொய்.

வர்ஜீனியாப் படை தூக்கிய கொடி சதுரமானது. இன்று சட்டைகளிலும் கார்களிலும் நீளவாக்கில் காணப்படுவது அந்தப் படை கெட்டிஸ்பர்க் களத்துக்கு எடுத்துச் சென்ற கொடியன்று. அந்தப் பக்கத்து அரசும் அதைத் தனியே நாட்டுக் கொடியாக ஏற்றதில்லை. 1863 மே மாதம் முதல் வெள்ளைக் கொடி ஒன்றின் மூலையில் வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். எதற்காகப் போரிட்டார்கள் என்பதில் அவர்களுக்கே சந்தேகமில்லை. கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்று அதன் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் சவானா நகரில் பகிரங்கமாகப் பேசினார். தோற்று எண்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகு, 1948-இல், கறுப்பருக்கு உரிமை கொடுக்கக் கூடாது என்ற கட்சியினர் அதே கொடியைத் தூசிதட்டி மீண்டும் கையில் எடுத்தார்கள்.

2015 ஜூன் 17 அன்று சார்லஸ்டன் நகரத் தேவாலயம் ஒன்றில் கறுப்பின மக்கள் ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்றான். அவன் அந்தக் கொடியோடு எடுத்துக்கொண்ட படங்கள் வெளியாயின. ஒரு வாரத்துக்குள் ஆப்பிள் நிறுவனம் தன் கடையில் இருந்த, அந்தக் கொடி தெரியும் விளையாட்டுகளை எல்லாம் கூட்டித் தள்ளியது. இனவெறியைப் பரப்பியவையும் போயின. போர் வரலாற்றை உழைத்துச் செய்தவையும் போயின. கெட்டிஸ்பர்க் போரைப் பற்றிய விளையாட்டு ஒன்றைச் செய்தவர்கள், கொடியை மாற்றிப் பொய் வரலாறு காட்ட மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். சில நாட்களில் அந்த விளையாட்டு திரும்பக் கடைக்கு வந்தது. கொடியும் அப்படியே இருந்தது.

நாமாக இருந்தால் அதை நீக்கியிருக்க மாட்டோம். அடிமை வாணிபத்தார் கொடியை மறைத்துவிட்டுப் போரை மட்டும் காட்டினால், இரண்டு கூட்டம் எதற்கோ சண்டையிட்டது போலத்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் சரித்திரத் துல்லியம் என்று அந்த வியாபாரிகள் எதைச் சொல்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். நட்சத்திரங்களை எண்ணுகிறார்கள். அதிலும் தவறுகிறவர்கள் உண்டு. இன்றைய அமெரிக்கக் கொடியின் ஐம்பது நட்சத்திரம் 1960-இல் வந்தது. கெட்டிஸ்பர்க் போர் நடந்த 1863 ஜூலை 1 முதல் 3 வரை அதிகாரக் கொடியில் இருந்தவை முப்பத்துநான்கு. மறுநாள், ஜூலை 4 அன்று, அது முப்பத்தைந்தாயிற்று. பிரிந்து போன மாநிலங்களின் நட்சத்திரங்களைக் கொடியிலிருந்து எடுக்க லிங்கன் சம்மதிக்கவில்லை. இவையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவைதாம்.

நம்முடைய குறை வேறு. நட்சத்திரம் எண்ணுகிறவர்கள் ஆளை எண்ணுவதில்லை. அந்தப் போரில் வடக்கின் பக்கம் நின்று துப்பாக்கி தூக்கிய கறுப்பினத்தவர் ஏறத்தாழ 1,80,000 பேர். அவர்களில் பலர் நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களுக்கும் கொடிகள் இருந்தன. பிலடெல்பியாவில் டேவிட் பஸ்டில் பௌசர் என்ற கறுப்பின ஓவியர் அந்தப் படைப்பிரிவுகளுக்குக் கொடி வரைந்து கொடுத்தார். அவற்றில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன.

அதே சார்லஸ்டன் நகரின் அருகே, 1863 ஜூலை 18 அன்று, வாக்னர் கோட்டையை மாசசூசெட்ஸ் 54-ஆம் படைப்பிரிவு தாக்கியது. கறுப்பினச் சிப்பாய்களின் பிரிவு அது. கொடி பிடித்தவன் விழுந்ததும், அடிமையாகப் பிறந்த வில்லியம் கார்னி என்பவர் அதைத் தூக்கினார். குண்டுகள் பாய்ந்தும் அதைத் தரையில் படவிடாமல் திரும்பக் கொண்டு சேர்த்தார். அதற்குரிய பதக்கம் அவருக்குக் கிடைத்தது 1900-இல்!

அந்த 54-ஆம் பிரிவைப் பற்றித் தொழிலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10 டாலர். அதிலும் உடுப்புக்கென்று 3 டாலர் பிடித்தம். அதே குண்டு, அதே சாவு, பாதிச் சம்பளம். அவர்கள் சண்டையை நிறுத்தவில்லை. சம்பளத்தை வாங்க மறுத்தார்கள். வீட்டில் பெண்டு பிள்ளைகள் பட்டினி கிடக்க, ஒரு வருடத்துக்கு மேல் ஒரு காசு தொடவில்லை. 1864 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றம் சம சம்பளச் சட்டம் இயற்றியது. வெளியூர்க்காரன் என்று ஒரே வேலைக்கு ஒரு கூலி குறைத்து வாங்கிய அனுபவம் இந்தப் பத்திரிகையைப் படிக்கும் எத்தனை வீட்டில் இல்லை? அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டிய கொடி இதுவல்லவா?

அமெரிக்கச் சண்டை நமக்கெதற்கு என்று கேட்போரும் இருப்பர். அந்தப் போரில் அமெரிக்கப் பஞ்சு நின்றுபோக, லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சுக்கு அலைந்தன; திருநெல்வேலிக் கரிசல் பஞ்சுக்கும் விலை ஏறியது, தூத்துக்குடியில் கப்பலேறியது. நம் பாட்டன்மார் காட்டிலும் அந்தப் போர் நடந்தது என்று சொன்னால் மிகையாகாது. அது போகட்டும். இன்னும் அருகே நடந்த ஓர் உள்நாட்டுப் போர் நமக்கு இருக்கிறது. அதைப் பற்றியும் நாளை யாரேனும் விளையாட்டுச் செய்வார்கள். அப்போது அதில் பறக்கப்போவது எந்தக் கொடி?

இலங்கையின் சிங்கக் கொடியைப் பாருங்கள். 1948 பிப்ரவரி 4 அன்று அது ஏற்றப்பட்டபோது தமிழருக்கென்றோ முஸ்லிம்களுக்கென்றோ அதில் ஒன்றுமில்லை. முறையீடு எழுந்து, குழு அமைந்து, 1951 மார்ச்சில் செம்மஞ்சள், பச்சை என்ற இரண்டு பட்டைகள் சேர்க்கப்பட்டன. சிங்கம் நிற்கும் கட்டத்துக்கு வெளியே, ஓரமாக! குழுவில் இருந்த செனட்டர் நடேசன் அதை ஏற்க மறுத்தார். சிங்கத்தைச் சுற்றிய நான்கு அரச இலைகள் வந்தது 1972-இல். பௌத்தத்துக்கு முதலிடம் தந்த அரசியல் சட்டம் வந்ததும் அதே ஆண்டில். ஆகவே 1958 கலவரத்தைக் காட்டும் படத்திலோ விளையாட்டிலோ அரச இலை போட்ட கொடி பறந்தால் அது பிழை. வெறும் அலங்காரப் பிழையன்று, அந்த இலை எப்போது, எதற்கு வந்தது என்பதை மறைக்கும் பிழை.

கோடு சேர்த்த கதையைவிடப் பெரிய கதை தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. கொடி ஏற்றிய அதே 1948-இல் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத்தில் ரத்தம் வற்ற உழைத்த லட்சக்கணக்கான தமிழர் ஒரே சட்டத்தில் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். கொடியில் தமிழனுக்குப் பட்டை இருந்தது. தோட்டத்துத் தமிழனுக்கு ஓட்டு இல்லை. அப்படி வந்தவர்களின் பிள்ளைகள் இதே கேரளத்தில் புனலூர் ரப்பர்த் தோட்டங்களிலும் கவியிலும் இருக்கிறார்கள். அவர்களும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்கள்தாம் என்று மேலோட்டமாகச் சொல்கிறோம். அவர்கள் வந்தவர்கள் அல்லர், அனுப்பப்பட்டவர்கள்.

நம் பக்கத்துக் கொடிகளிலும் துல்லியம் வேண்டும்; கசந்தாலும் வேண்டும். 1980-களில் ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் ஒன்றல்ல. டெலோ, ஈரோஸ், ஈபிஆர்எல்எஃப், புளொட், புலிகள் எனப் பல. ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட நாளும் உண்டு. அந்த ஆண்டுகளின் களம் முழுவதும் புலிக்கொடி ஒன்றையே நட்டுவைத்தால், மற்றக் கொடிகளின் கீழ் செத்த பிள்ளைகளுக்குக் கல்லறைகூட இல்லாமற் போகும். 1987 முதல் 1990 மார்ச் வரை அங்கே நம் மூவர்ணக் கொடியும் இருந்தது. அமைதிப்படை என்று போய் ஆயிரத்துக்கு மேற்பட்ட நம் வீரர்கள் மாண்டார்கள், தமிழ் மக்களும் மாண்டார்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் கட்டிய துணியோடு வெளியேற்றப்பட்டபோது அங்கே அதிகாரம் செய்தது புலிக்கொடி. முஸ்லிம் அண்டை வீட்டாரோடு சுவரைப் பகிர்ந்து வாழும் மட்டாஞ்சேரித் தமிழர் நாம் இதை விழுங்கிவிட்டு வரலாறு பேச முடியாது. அதுபோலவே, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் பொதுமக்கள் மீது குண்டு பொழிந்தவர்கள் எந்தக் கொடிக்குக் கீழ் நின்றார்கள் என்பதையும் எந்த விளையாட்டும் மங்கலாக்கக் கூடாது.

நம் தெருவுக்கே வருவோம். டச்சு அரண்மனை என்று நாம் வாய்கூசாமல் சொல்லும் கட்டடத்தை 1555-இல் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தவர்கள் போர்த்துக்கீசியர். 1663-இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர் பழுதுபார்த்தார்கள், பெயர் அவர்களுடையதாயிற்று. கடைசியாகக் கொடி நட்டவன் பெயர் நிற்கும், கல் சுமந்தவன் பெயர் ஒருகாலும் நிற்காது.

1953 செப்டம்பர் 15 அன்று இதே மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. கூட்டத்துக்குள் உலோக வில்லையை எறிவார்கள்; அடித்துப் பிடித்து அதைக் கைப்பற்றுபவனுக்கே அன்று கப்பலில் வேலை. அந்தச் சாப்பா முறையை ஒழிக்கச் சொல்லித் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சைதுவும் சைதலவியும் குண்டுக்குப் பலியாயினர். ஆன்டணி போலீஸ் கொடுமையில் இறந்தார். 2023-இல் ராஜீவ் ரவி இதைத் 'துறமுகம்' என்று படமாக்கினார். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டால் நாம்தான் தலைகுனிய வேண்டும். அமெரிக்கப் போரின் செவ்வகக் கொடியை அறிந்த பிள்ளைக்குத் தன் தெருவில் விழுந்த மூவரின் பெயர் தெரியாது. இதற்கு அமெரிக்கக் கம்பெனியைக் குறைசொல்லிப் பயனில்லை.

விளையாட்டை அழிக்கச் சொல்ல வேண்டாம் என்று படிப்பகக் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். பதிலாக, வரும் செப்டம்பர் 15-க்குள் படிப்பகச் சுவரில் ஒரு வரிசை கொடிகளைக் காகிதத்தில் வரைந்து ஒட்டுவோம்: கெட்டிஸ்பர்க்கின் சதுரக் கொடி, முப்பத்துநான்கு நட்சத்திரக் கொடி, கார்னி தூக்கிய கொடி, 1948, 1951, 1972 ஆண்டுகளின் சிங்கக் கொடி மூன்று. ஒவ்வொன்றின் கீழும் ஆண்டு, பிடித்தவர் யார், கேட்டது என்ன, செத்தவர் யார் என்று எழுதப்படும். வரைவதற்கு அந்தச் சுமைத் தொழிலாளியின் மகன் ஒப்புக்கொண்டிருக்கிறான். கார்னியின் பிரிவை எடுத்து ஆட முடியுமா என்று தன் செல்போனில் தேடிப் பார்த்தானாம். அவன் விளையாட்டில் அது இல்லையாம்.