மெழுகுவர்த்திப் படம் மட்டும் காணாது



எங்கட சின்னச் சின்ன அமைப்புகளின்ர இன்ஸ்டாகிராம் பக்கங்களைத் திறந்து பாருங்கோ. மே 18, ஜூலை 23, நவம்பர் 27. கறுப்புப் பின்னணி, ஒரு மெழுகுவர்த்தி, ஒரு வசனம். இடையில மாசக்கணக்கா ஒண்டும் இல்லை. நினைவுகூரல் கட்டாயம் வேணும். ஆனால் வருசத்தில மூண்டு நாள் மட்டும் பேசுற பக்கத்துக்கு, ஏற்கெனவே எங்களோட நிக்கிற ஆக்களைத் தவிர ஆர் வருவினம்?

இது ரசனைப் பிரச்சினை இல்லை. 2021 மார்ச் 30 அன்று டுசில்டோர்ஃபில இருந்து தமிழ் அகதிகளைத் தனி விமானத்தில நாடு கடத்தினவை. இப்படியான செய்தி எங்களுக்குச் சில நாள் முந்தித்தான் கிடைக்கும். அந்தச் சில நாளுக்குள்ள ஆக்களைத் திரட்டோணுமெண்டால், பக்கத்தைப் பார்க்கிற பழக்கம் அவைக்கு முந்தியே இருக்கோணும்.

நாலு பேர் உள்ள அமைப்புக்கு நான் சொல்லுறது: கிழமைக்கு ஒரு பதிவு, நாலு வகை, மாறி மாறி.

முதலாவது, உரிமை. மஞ்சள் உறையில அகதி வழக்கு முடிவு வந்தால் உறையை எறியக்கூடாது. அதில எழுதின திகதியில இருந்துதான் நாள் ஓடுது. வழக்குப் போட வழக்கமா 2 கிழமை, சில முடிவுகளுக்கு 1 கிழமைதான். இதைத் தமிழில ஒரு அட்டையாப் போட்டால் அம்மாமார் வாட்ஸ்அப்பில தாங்களே அனுப்புவினம்.

இரண்டாவது, வரலாறு. ஹம் எண்டால் எல்லாருக்கும் காமாட்சி அம்பாள் கோயில்தான். ஆனால் 1908 நவம்பர் 12இல் இங்க ராட்போட் நிலக்கரிச் சுரங்கம் வெடிச்சு 300க்கு மேற்பட்ட தொழிலாளர் செத்தவை. 2010இல் நகரத்தின்ர கடைசிச் சுரங்கமும் மூடுப்பட்டது. ரெஸ்டோரண்டில கோப்பை கழுவின எங்கட அப்பாமாரின்ர கதையை இந்த வரலாற்றோட சேர்த்துச் சொல்லலாம். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையக மக்களின்ர கதையையும் சொல்லலாம்.

மூண்டாவது, குரல். துப்புரவு வேலை செய்யிற ஒரு அக்காவின்ர ஒரு நிமிட ஒலிப்பதிவு காணும்.

நாலாவது, கேள்வி. சாதி பார்த்துக் கலியாணம் பேசுறது, சீதனம், வீட்டு வேலை ஆர் செய்யிறது. பதிலை வாசகர் எழுதட்டும். அடுத்த மாசப் பதிவு அதில இருந்தே வரும்.

மாசத்தில ஒரு ஞாயிறு பின்னேரம் இரண்டு மணித்தியாலம் இருந்தால் நாலையும் தயார் செய்யலாம். தமிழும் ஜெர்மனும் பக்கத்துப் பக்கத்தில இருக்கட்டும்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் தளராமல் வேணும். வழக்கு முடியாத ஆளின்ர முகத்தைப் போடக்கூடாது, அவர் ஓம் எண்டாலும். இலங்கையில 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில முகநூல் பதிவுக்காகவே ஆக்களைப் பிடிச்சிருக்கினம். எங்களுக்கு அது ஒரு நல்ல படம். திருப்பி அனுப்பப்பட்டால் அவருக்கு அது விசாரணைக் கோப்பு.

பதிவு எத்தினை லைக் எடுத்தது எண்டு எண்ணாதேங்கோ. அதைப் பார்த்திட்டு எத்தினை பேர் உறையோட எங்களிட்ட வந்தவை எண்டு எண்ணுங்கோ.