படத்தில் பளபளப்பு, கையில் கீறல்: வேண்டாம் இந்த வணிகம்!



கைக்கடிகாரத்தைப் படம் பிடித்து, அந்தப் படத்தைக் கணினியிலோ கைப்பேசியிலோ திருத்தி அழகு பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். வேலையற்றவர் வேலை என்று நம்மில் சிலர் நினைக்கலாம். அப்படி ஒதுக்கிவிட வேண்டாம் என்பதே என் கருத்து. அவர்களிடம் நாம் கற்க வேண்டிய கலையும் உண்டு. நாம் விலக்க வேண்டிய ஆபத்தும் அதிலேயே உண்டு.

முதலில் கலை. கைக்கடிகாரத்தைப் படமெடுப்பது எளிதல்ல. மேலே கண்ணாடி, சுற்றிலும் மெருகேற்றிய எஃகு. எடுப்பவர் முகமும் கடையின் டியூப்லைட்டும் அதில் தெரியும். ஆகவே ஃபிளாஷைத் தவிர்த்து, ஜன்னலோரம் வைத்து, வெளிச்சத்தைப் பட்டர் பேப்பர் வழியாக வரவிட்டு, பிரதிபலிப்பு விழும் பக்கம் கறுப்பு அட்டையை நிறுத்தி எடுக்கிறார்கள். முட்களை 10 மணி 10 நிமிடத்தில் வைக்கிறார்கள். அப்போதுதான் 12-க்குக் கீழே உள்ள நிறுவனத்தின் பெயர் மறையாது. இரு முட்களும் ஒத்த அளவில் விரிந்து நிற்கும். கடிகார விளம்பரங்களிலும் இதே வழக்கம்தான். குவார்ட்ஸ் கடிகாரமானால் பக்கவாட்டுக் குமிழை இழுத்துவிட்டால் விநாடி முள் நின்றுவிடும். மிக அருகில் எடுக்கும்போது முள் தெளிந்தால் டயல் மங்கும்; எனவே பல படங்கள் எடுத்து ஒன்றாக இணைக்கிறார்கள். செலவு சில ரூபாய்க் காகிதம், மீதியெல்லாம் பொறுமை. நகைக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும்கூட இது பயன்படும்.

படம் காட்டிக் கடிகாரம் விற்பது நமக்குப் புதிதல்ல. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாக 1984இல் தொடங்கி, ஓசூரில் ஆலை அமைத்த டைட்டன் நிறுவனம், தொடக்க காலத்திலேயே பல மாடல்களின் படங்களை விலையுடன் வரிசையாகப் பத்திரிகையில் வெளியிட்டது. வாடிக்கையாளர் படத்தைப் பார்த்தார். பிறகு கடைக்கு வந்தார். கையில் கட்டிப் பார்த்த பின்பே பணம் கொடுத்தார். இன்றோ வாட்ஸ்அப்பில் படம் போகிறது, பணம் வருகிறது, பொருள் பார்சலில் செல்கிறது. படமே கடையாகிவிட்டது.

நம் கொடைக்கானல் மலையில் உள்ள வெள்ளகவியை எண்ணிப் பாருங்கள். நெடுங்காலம் வாகனச் சாலை இன்றி, காட்டுப் பாதையில் வட்டக்கானலுக்கு ஏறி நடந்தே வந்து சாமான் வாங்கிச் சென்ற ஊர் அது. அத்தகைய மலைக் கிராமத்தவருக்குக் கைப்பேசிப் படம் ஒரு பெரிய வரம். ஆனால் படம் பொய் சொன்னால், பொருளைத் திருப்பிக் கொடுக்க அவர் மீண்டும் மலையேற வேண்டும். ஒரு நாள் கூலியும் போகும்; நம் மீது வைத்த நம்பிக்கையும் போகும்.

பழைய கடிகார வணிகத்தில் இந்த ஆபத்து மிகுதி. சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் 1961இல் பெங்களூரில் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூட, 2016இல் மத்திய அரசு முடிவு செய்தது. அதன் பழைய ஜனதா, பைலட் போன்றவற்றைத் தேடி வாங்குவோர் இன்றும் உண்டு. புதிதாக டயல் அச்சிட்டு, மெருகூட்டி, பழைய அசல் என்று விற்போரும் உண்டு. இதைக் கண்டுபிடிக்கவும் படமே உதவுகிறது. எழுத்தின் கனம், முள்ளின் நீளம், டயலின் அடியிலுள்ள சிறு அச்சு ஆகியவற்றைப் பெரிதாக்கி, அசலோடு ஒப்பிடுகிறார்கள். மங்கலான படமோ, அளவுக்கு மீறித் திருத்திய படமோ வந்தால் விவரம் தெரிந்தவர் வாங்குவதில்லை.

எது வரை திருத்தலாம்? என் அளவுகோல் எளியது. படமெடுக்கும்போது வந்த குறையை நீக்கலாம். பொருளில் உள்ள குறையை நீக்கக் கூடாது. கண்ணாடியில் ஒட்டிய தூசி, விளக்கின் பிரதிபலிப்பு, மஞ்சளாக மாறிய நிறம் ஆகியவற்றைச் சரிசெய்வது நேர்மையே. உண்மை நிறத்தை அப்போதுதான் காட்ட முடியும். பெட்டியின் கீறலையும், டயலின் கறையையும், உதிர்ந்த முலாமையும் அழிப்பது தராசில் கை வைப்பதற்குச் சமம். இன்று விரலால் ஒரு தடவு தடவினால் கீறல் மறைந்துவிடுகிறது என்பதாலேயே நமக்குக் கூடுதல் கட்டுப்பாடு வேண்டும். தம் மகிழ்ச்சிக்காகப் படம் எடுப்பவர் எப்படியும் திருத்திக்கொள்ளட்டும். அவர் யாரிடமும் காசு வாங்குவதில்லை. நாம் வாங்குகிறோம்.

சட்டமும் இதையே சொல்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் வந்த 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, இணையச் சந்தைகளில் விற்பவரின் விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மையோடு ஒத்திருக்க வேண்டும். விளம்பரத்தில் காட்டியபடி பொருள் இல்லாவிட்டால் திரும்பப் பெற மறுக்கவும் முடியாது.

ஆகவே உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள். பயன்படுத்திய பொருளானால், குறை உள்ள இடத்தையே தனியாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நிறுவனம் தந்த படத்தை, உங்களிடம் உள்ள பொருளின் படம் போலக் காட்டாதீர்கள். திருத்தாத மூலப் படத்தை, விற்பனை முடிந்து சில மாதங்களாவது வைத்திருங்கள். தகராறு வந்தால் அதுவே உங்கள் சாட்சி.

குறையைக் காட்டினால் விலை சிறிது குறையலாம். வாங்கியவர் மறுபடியும் நம் கடைக்கே வருவார். அந்த லாபத்துக்காகத்தானே கடை திறந்திருக்கிறோம்!