வண்டியில் 2-வது பேட்டரி: அந்த ஸ்விட்ச்சுக்கு கரன்ட் எங்கிருந்து வருது?

வீக்கெண்ட் ட்ரிப் போகும் வேன், எஸ்யூவிகளில் இப்போது குட்டி ஃப்ரிட்ஜ், லேப்டாப் சார்ஜர், எல்இடி விளக்கு என எல்லாமே ஓடுகின்றன. இதற்காக இரண்டாவது பேட்டரி வைப்பதில் தப்பே இல்லை. ஆனால் ஐசோலேட்டர் மாட்டி, டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது தப்பு. அந்த ஸ்விட்ச்சுக்கு கரன்ட் எங்கிருந்து வருகிறது என்று ஒர்க்‌ஷாப்பிலேயே கேட்காதவர்கள், நடுவழியில் பேட்டரி டவுன் ஆகும்போதுதான் அதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

ஐசோலேட்டர் என்ன செய்கிறது?

இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சுமார் 13.8 முதல் 14.4 வோல்ட் தருகிறது. அப்போது இரண்டு பேட்டரிகளும் சேர்ந்தே சார்ஜ் ஆகலாம். இன்ஜின் நின்றதும் இரண்டும் பிரிய வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க ஓடும் ஃப்ரிட்ஜ் இரண்டையும் காலி செய்துவிடும். காலையில் செல்ஃப் எடுக்காது.

"மீட்டர்ல 12 வோல்ட் காட்டுதே, போதாதா?" என்று பலரும் கேட்பார்கள். போதாது. முழு சார்ஜில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்கு வந்துவிட்டால் பாதிக்கு மேல் காலி என்று அர்த்தம்.

ஸ்விட்ச்சின் வேலை சின்னது

பேட்டரிகளைச் சேர்ப்பதும் பிரிப்பதும் இன்ஜின் பக்கத்தில் இருக்கும் பெரிய ரிலே. அதன் வழியே ஓடும் கரன்ட், செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 100 ஆம்பியரைத் தாண்டலாம். அந்த மெயின் கேபிளை டேஷ்போர்டு வரை இழுத்துவரவே கூடாது. ஸ்விட்ச் இயக்க வேண்டியது ரிலேயின் காயிலை மட்டும்தான். அதற்கு ஓரிரு ஆம்பியர் போதும். மெல்லிய ஒயரும் சின்ன ஃபியூஸும் போதும்.

வசதியானது மூன்று நிலை ஸ்விட்ச். அதன் நடு பின் காயிலுக்குப் போகும்; காயிலின் மறுமுனை எர்த். ஒரு பக்கம் 'ஆட்டோ': சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஒயர். நடுவில் 'ஆஃப்'. இன்னொரு பக்கம் 'மேனுவல்': எப்போதும் கரன்ட் இருக்கும் ஒயர்.

சிக்கல் இந்த மேனுவல் ஒயரில்தான். பக்கத்தில் இருக்கிறதே என்று அதை மெயின் பேட்டரியிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். மெயின் பேட்டரி முழுசா படுத்துவிட்டால் காயிலை இழுக்கவும் அதில் தெம்பு இருக்காது. பின்னால் இரண்டாவது பேட்டரி ஃபுல் சார்ஜில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதனால் மேனுவல் ஒயர் இரண்டாவது பேட்டரியிலிருந்து, தனி ஃபியூஸுடன் வருவதே சரி. மேனுவலில் போட்டதும் எரியும் ஒரு குட்டி விளக்கும் வேண்டும். மறந்து அப்படியே விட்டால் இரண்டு பேட்டரியும் சேர்ந்து இறங்கிவிடும்.

மேனுவலில் போட்ட உடனே செல்ஃப் அடிக்கவும் வேண்டாம். 10, 15 நிமிடம் விட்டு, ஸ்விட்ச்சை ஆஃப் செய்துவிட்டு அடித்தால் கேபிளுக்கும் ரிலேவுக்கும் அடி விழாது.

ஃபியூஸில் கஞ்சத்தனம் வேண்டாம்

மெயின் கேபிளின் இரு முனையிலும் பேட்டரி இருக்கிறது. ஒரு முனையில் மட்டும் ஃபியூஸ் வைத்தால், கேபிள் எங்காவது பாடியில் உரசி ஷார்ட் ஆகும்போது மறுமுனை பேட்டரி கரன்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வண்டி தீப்பிடிக்க அது போதும். ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அது அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவது, கேபிளையே ஃபியூஸாக மாற்றுவதற்குச் சமம்.

ஆட்டோமேட்டிக் போட்டால் போதாதா?

வோல்டேஜ் பார்த்து இயங்கும் ரிலேக்கள் சுமார் 13.3 வோல்ட்டில் சேர்ந்து, 12.8-இல் பிரிகின்றன. தினசரிக்கு அது போதும். ஆனால் மெயின் பேட்டரி படுத்த நாளில், மேனுவல் வசதி இல்லாத மாடல் கைகொடுக்காது. இரண்டாவது பேட்டரி லித்தியம் என்றாலோ, வண்டியில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் இருந்தாலோ வெறும் ரிலே சரிவராது. டிசி-டிசி சார்ஜர்தான் வழி. வாரன்டி உள்ள வண்டி என்றால் ஒயரை வெட்டும் முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுவது நல்லது.

பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு டெஸ்ட் செய்யச் சொல்லலாம். இன்ஜினை நிறுத்தி, மெயின் பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்ப்பை எலெக்ட்ரீஷியன் கழற்றட்டும். ஸ்விட்ச்சை மேனுவலில் போட்டதும் ரிலே 'டக்' என்று அடித்தால் ஒயரிங் சரி. சத்தமே வரவில்லை என்றால், அந்த ஒயரை மாற்றித் தரச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை. கையோடு ஒயரிங்கை ஒரு பேப்பரில் வரைந்து வாங்கி டேஷ்போர்டு டிராயரில் வைத்தால், வேறு ஊரில் பார்க்கும் மெக்கானிக்குக்கும் உதவும்.