பாவையும் கூத்தனும்

காட்சிச்சாலை என்பது மாண்டொழிந்தவற்றை எண்ணிட்டு அடுக்கி வைக்கும் இடம் என்பதே நம்மவருட் பலரது கருத்து. அக்கருத்து முற்றும் பொருந்தாது என்பதைச் சென்ற ஆண்டு ஜாவாத் தீவில் யான் கண்டவற்றைக் கொண்டு ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

ஜகார்த்தாவின் பழைய நகரில், 1640-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எடுத்த தேவாலயம் நின்ற நிலத்தில், வயாங் காட்சிச்சாலை உளது. அது திறக்கப்பெற்றது 1975-ஆம் ஆண்டில். வயாங் என்பது ஜாவா மக்களின் பாவைக்கூத்து. எருமைத் தோலை ஊசித்துளை போலச் செதுக்கி, வண்ணமும் பொன்னும் பூசி, கொம்பினாற் பிடி அமைத்த பாவைகள் அங்கே நிரை நிரையாக நிற்கின்றன. அருச்சுனனும் வீமனும் இராமனும் அனுமனும் நம்மை நோக்குகின்றனர். அந்நாட்டு மக்களிற் பெரும்பாலோர் முகம்மதியர். ஆயினும் பாண்டவர் கதையைத் தமது பாட்டனார் கதையெனவே போற்றுகின்றனர். 1960-ஆம் ஆண்டளவில் சுரகர்த்தா நகரத்துக் கத்தோலிக்கத் துறவியார் ஒருவர் விவிலியக் கதைகளையும் இக்கூத்தில் அமைத்தனர் என்பது நம் கல்லூரியார்க்கு இனிய செய்தியாகும்.

எனினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது அப்பாவைகளின் அழகு மட்டுமன்று. அச்சாலையிலேயே திரையும் விளக்கும் இசைக்கருவிகளும் உள. குறித்த நாட்களிற் கூத்தும் நிகழ்கின்றது. தாலாங் எனப்படும் கூத்தன் ஒருவனே சம்மணமிட்டு அமர்ந்து, பாவைகளை வாழைமரத் துண்டிற் செருகியும் எடுத்தும், அரசனுக்கும் அரக்கனுக்கும் கோமாளிக்கும் தானே குரல் கொடுக்கின்றான். கண்ணாடிப் பேழையில் வெறுந் தோலாய் நின்றது, அவன் கையில் உயிர் பெறுகின்றது. ஐக்கிய நாடுகளின் கல்வி, பண்பாட்டு நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் மாந்தர் குலத்தின் அருஞ்செல்வமெனப் பாராட்டியதும் இக்கலையையே, தோற்பொம்மைகளை மட்டுமன்று.

இனி நம் நாட்டை நோக்குவோம். ஓசூரும் கிருஷ்ணகிரியும் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலக்கும் எல்லை நிலம். தென்புறத்தே தோற்பாவைக்கூத்து; மேற்கே கன்னடரின் தொகலு கொம்பெயாட்டம்; வடக்கே ஆந்திரரின் தோலுபொம்மலாட்டம். இம்மூன்றும் உடன்பிறந்த கலைகள். தமிழ்நாட்டில் இதனை ஆடிவரும் மண்டிகரும், கன்னட நாட்டில் ஆடிவரும் சிள்ளேக்யாதரும் வீட்டில் மராத்தி வழக்கைப் பேசுவோர். மேடையிலோ அவ்வந்நாட்டு மொழியிற் கதை சொல்வோர். நம் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் செய்யும் நகைச்சுவையை அங்கே பங்காரக்காள் முதலியோர் செய்கின்றனர். பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களிலோ மலையாள நாட்டார் கம்பர் பாடல்களையே பாடிப் பாவை ஆட்டுகின்றனர். மொழி எல்லையை இக்கூத்தர் தடையாகக் கருதியதில்லை என்பது இதனாற் புலனாகும்.

சென்னை எழும்பூர்க் காட்சிச்சாலையிலும் பெங்களூர்ச் சித்திரகலா பரிஷத்திலும் அரிய தோற்பாவைகள் உள. பாவைகளைக் காத்தோம்; நன்று. கூத்தனைக் காத்தோமா? திரைப்படமும் தொலைக்காட்சியும் ஊர்தோறும் புகுந்தபின் பத்து இரவு இராமகாதை கேட்பார் அருகினர். கூத்தர் மக்கள் வேறு பிழைப்பை நாடினர். கொப்பள மாவட்டத்துப் பீமவ்வா என்னும் மூதாட்டியார்க்கு 2025-ஆம் ஆண்டிற் பத்மஸ்ரீ விருது கிடைத்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் தொண்ணூறு வயது கடந்தபின் ஒருவரைப் பாராட்டுதல், ஒரு கலைக்கு ஆண்டுதோறும் சோறிடுதல் ஆகாது.

"இயந்திரங்கள் முழங்கும் ஓசூரில் பாவைக்கூத்து எதற்கு?" என வினவுவோர் உளர். அங்கேதான் அது வேண்டும் என்பேன். சிப்காட் தொழிற்பேட்டை எழுபதுகளில் தோன்றியது முதல் பல மொழியினரும் பிழைப்பு நாடி அங்கே குடியேறியுள்ளனர். ஒரே ஆலையில் உழைப்பவர் மாலையில் வெவ்வேறு தெருக்களிற் பிரிந்து போகின்றனர். அவர்தம் பிள்ளைகள் ஒரு திரையின் முன் அருகருகே அமர்ந்து ஒரே கோமாளியைக் கண்டு சிரிப்பாராயின், அதனினும் எளிய நட்பு எது?

கிருஷ்ணகிரியில் அரசினர் காட்சிச்சாலை முன்னரே உளது. அதில் முந்நாட்டுப் பாவைகளுக்கும் ஓர் அறை ஒதுக்குக. அவ்வறையில் ஒரு வெண்திரையும் ஒரு விளக்கும் வைக்க. திங்கள்தோறும் ஒரு குழுவினரை அழைத்து, தக்க கூலி தந்து ஆடச் செய்க. நம் போன்ற கல்லூரிகளும் ஆண்டு விழாவில் ஓரிரவை இக்கூத்திற்கென ஒதுக்கலாம். மாணவர் சிலர் பாவை செதுக்கவும் ஆட்டவும் கற்கலாம். இவற்றிற்கு வேண்டும் பொருள் பெரிதன்று, வேண்டுவது மனமே. பாவையைப் பேழையில் வைத்துப் பூட்டுவதோடு நம் கடமை முடிந்ததென அமைவோமாயின், நம் பேரர் காண்பது வண்ணந் தீட்டிய தோலே ஒழியக் கூத்தன்று.