வினாத்தாளுக்குள் அடங்குமோ கடல்?

மனிதர்க்கும் இயற்கைக்குமான உளவியல் உறவை ஆய்வுப் பாடமாக்கிவிட்டோம். அதை அளக்க, மேயரும் ஃபிரான்ட்சும் 2004இல் வகுத்த 14 கூற்றுகள் கொண்ட வினாத்தாளை நீட்டுகிறோம். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று, சிற்றந்தமானின் டுகாங் கிரீக்கில் வாழ்ந்த ஓங்கேயர் கடலின் குறியறிந்து மேட்டுநிலம் ஏறி உயிர்பிழைத்தனர். அவ்வறிவு எந்தக் கூற்றில் பதிவாகும்?

ஒப்பீட்டுக்கு அளவுகோல் வேண்டும் என்பர், வேண்டும்தான். ஆனால் அது தனிமனிதரின் உணர்வைக் கேட்கிறது. ஒரு சமூகம் மொழியில் சேர்த்துவைத்த உறவைக் கேட்பதில்லை. 2010இல் போவா மூதாட்டி மறைந்தார். 'போ' மொழி பேச எவருமில்லை. இனி எவரிடம் நீட்டுவோம் வினாத்தாளை?

நிலத்தையும் உயிரினத்தையும் அகவுணர்வையும் ஒரே திணைக்குள் வைத்தது தொல்காப்பியம். அதைக் கற்ற நாமே மொழியை விலக்கி மனத்தை ஆராயலாமா? ஃபீனிக்ஸ் பேயிலிருந்து சொல்கிறேன்: களத்தின் மொழியைக் கல்லாதார்க்கு இத்துறையில் முனைவர் பட்டம் வழங்கலாகாது.