ஜாமீன் கிடைத்தால்தான் ஓட்டா?

தர்மபுரி மாவட்டம் ஏரியூரில் அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். அடிதடி ஆகிவிட்டது. இருவருக்கும் ஜெயில். அண்ணனுக்கு ஜாமீன் நிற்க ஆள் கிடைத்தது, வெளியே வந்துவிட்டார். தம்பி ஏழை. அவருக்கு யாரும் முன்வரவில்லை.

இந்தச் சமயத்தில் தேர்தல் வருகிறது. அண்ணன் ஓட்டுப் போடுவார். தம்பி போட முடியாது! இத்தனைக்கும் பென்னாகரம் தொகுதிப் பட்டியலில் இருவர் பெயரும் இருக்கிறது. யார் குற்றவாளி என்று கோர்ட்டு இன்னும் சொல்லவும் இல்லை.

1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அப்படி இருக்கிறது. ஜெயிலிலோ போலீஸ் காவலிலோ இருப்பவர் ஓட்டுப் போடக்கூடாது என்கிறது அதன் 62-வது பிரிவு. தண்டனை அடைந்தவரா, விசாரணைக் கைதியா என்று அது பார்ப்பதில்லை.

2022-ம் ஆண்டு முடிவில் இந்திய ஜெயில்களில் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் 4 லட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நாலு பேரில் மூன்று பேர்!

வேடிக்கையைக் கேளுங்கள். குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவலில் இருப்பவர் தபாலில் ஓட்டுப் போடலாம். ஊருக்கு ஆபத்து என்று சர்க்காரே பிடித்து வைத்தவருக்கு ஓட்டு உண்டு. கோழி திருடியதாகச் சந்தேகத்தில் பிடிபட்டவருக்கு இல்லை!

ஜெயிலில் இருந்தபடி தேர்தலில் நிற்கவும் தடை இல்லை. 2013-ல் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தி அதற்கு வழி செய்தது. 2024-ல் காஷ்மீரின் பாரமுல்லா தொகுதியில் என்ஜினீயர் ரஷீத், திகார் ஜெயிலில் விசாரணைக் கைதியாக இருந்தபடியே 2 லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஊரார் ஓட்டை அவர் வாங்கலாம். தம் ஓட்டைத் தாமே போட்டுக்கொள்ளத்தான் சட்டம் இடம் தரவில்லை.

இந்தத் தடை செல்லும் என்று 1997-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. கைதிகளை ஓட்டுப் போட வைக்கப் போலீஸ் பந்தோபஸ்து அதிகம் தேவைப்படும் என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. தீர்ப்புக்கு மரியாதை உண்டு. ஆனால் தபால் ஓட்டுக்கு எத்தனை போலீஸ் வேண்டும்? ராணுவத்தார் தபாலில்தானே போடுகிறார்கள்?

தென்னாப்பிரிக்காவில் 1999-ல் அரசியல் சாசனக் கோர்ட்டு, தண்டனைக் கைதிகள் உள்பட எல்லாக் கைதிகளும் ஓட்டுப் போட ஏற்பாடு செய்யும்படி உத்தரவிட்டது. நாம் அவ்வளவு தூரம் போகவேண்டுமா என்பதைப் பிறகு விவாதிக்கலாம். விசாரணைக் கைதிகள் விஷயத்தில் தாமதம் வேண்டாம். தடுப்புக் காவல் கைதிக்குத் தரும் அதே தபால் சீட்டை இவர்களுக்கும் தரும்படி, 62-வது பிரிவைப் பார்லிமெண்டு அடுத்த தேர்தலுக்குள் திருத்த வேண்டும்.