ஊசல் ஏன் நின்றது?

ஒரு கம்பியில் வட்டத்தட்டைத் தொங்கவிட்டுச் சற்றே முறுக்கி விடுங்கள். தட்டு இப்புறமும் அப்புறமும் திரும்பித் திரும்பி ஆடும். இதுவே முறுக்கு ஊசல். கல்லூரிச் சோதனைச்சாலையில் இதன் அலைவு நேரத்தை அளந்து, கம்பியின் விறைப்புக் குணகத்தைக் கணக்கிடுகிறோம். வீச்சு குறைந்து ஊசல் நின்றுவிடுவதையோ யாரும் குறிப்பதில்லை. "காற்றின் தடை" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அது தவறு என்பது இன்று என் கருத்து.

வெற்றிடத்தில் ஆட விட்டாலும் அந்த ஊசல் ஒரு நாள் நிற்கவே செய்யும். ஆற்றலின் ஒரு பகுதி கம்பிக்குள்ளேயே வெப்பமாகிவிடுகிறது. இதற்கு அக உராய்வு என்று பெயர். ஹூக் விதிப்படி தகைவும் திரிபும் ஒன்றாகவே ஏறி இறங்க வேண்டும். உண்மையான உலோகத்தில் திரிபு சற்றே பின்தங்குகிறது. உள்ளே அணுக்கள் இடம் மாறச் சிறிது நேரம் பிடிக்கிறது. இதுவே தளர்வு விளைவு.

சாதாரண இரும்பில் கரி அணுக்கள் இரும்பணுக்களுக்கு இடையேயுள்ள சந்துகளில் தங்கியிருக்கின்றன. கம்பியை முறுக்கும்போது சில சந்துகள் விரியும், சில நெருங்கும். கரி அணு விரிந்த சந்துக்குத் தாவுகிறது. நெதர்லாந்து அறிவியலார் ஸ்னூக் 1941-ல் இதை விளக்கினார். விநாடிக்கு ஓர் அலைவு ஆடும் ஊசலில், சுமார் 40 டிகிரி செல்சியஸில் இந்த இழப்பு உச்சமடைகிறது. உச்சத்தின் உயரத்தைக் கொண்டு இரும்பில் கரைந்துள்ள கரியின் அளவையே கூறிவிடலாம்!

எவர்சில்வர் பாத்திரங்களில் பல ஆஸ்டெனைட் வகை எஃகால் ஆனவை. இவ்வகை எஃகில் சந்துகள் எல்லாத் திசையிலும் ஒரே சீரானவை. எனவே தனித்த கரி அணு தாவினால் இழப்பு இல்லை. அருகில் வேற்றணு ஒன்று துணை இருந்தால்தான் உண்டு. இந்த எஃகை அடித்தோ வளைத்தோ உருமாற்றினால் கதை மாறுகிறது. படிக அடுக்கில் இடப்பிறழ்வு என்னும் குறைக்கோடுகள் பெருகுகின்றன. கடுமையாக உருமாறிய ஒரு கன சென்டிமீட்டர் உலோகத்தில் உள்ள கோடுகளைக் கோத்து நீட்டினால் பல லட்சம் கிலோமீட்டர் வரும். அவை அசைவதும், கரி அணுக்கள் அவற்றைப் பிடித்து நிறுத்துவதும் ஊசலின் வீச்சில் பதிவாகின்றன.

ஒரே தடிமனுள்ள இரண்டு எஃகுக் கம்பிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று விறைப்பாக இழுத்துச் செய்தது. மற்றது செஞ்சூடாக்கி ஆறவிட்டது. இரண்டிலும் விறைப்புக் குணகம் ஏறக்குறைய ஒன்றே. அதாவது, நாம் பாடுபட்டு அளக்கும் எண் இவற்றை வேறுபடுத்திக் காட்டுவதில்லை. காட்டக்கூடியதையோ 'பிழை' என்று தள்ளிவிடுகிறோம்!

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: சோதனைக் குறிப்பேட்டில் "வீச்சு பாதியாவதற்கு எத்தனை அலைவுகள்?" என்று இன்னொரு நிரல் சேருங்கள். மாணவர்களே, அதே தட்டு, அதே நீளம், அதே பிடிப்பு. கம்பியை மட்டும் மாற்றி எண்ணிப் பாருங்கள். காற்றின் தடை இரண்டுக்கும் ஒன்றுதான். எஞ்சும் வேறுபாடு கம்பிக்குள்ளிருந்து வருவது. விடையை நான் சொல்லப்போவதில்லை. ஊசலே சொல்லும்.